மாடியில் கிட்டார், கீழே அப்பா

கேள்வி: என் மகன் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். போதாததற்கு, சினிமா சாராத ராக் குழுக்களுக்காகவே ஒரு சிறுபத்திரிகை தொடங்கப் போகிறானாம். உருப்படுவானா?
– ஒரு தகப்பன், மர்பி டவுன், பெங்களூரு

பதில்: ஊர் விஷயத்தில் பையன் அதிர்ஷ்டக்காரன். 1993இல் அமித் சைகலும் ஷீனா கமாத்தும் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற ராக் இசைப் பத்திரிகையைத் தொடங்கியது மும்பையிலோ பெங்களூரிலோ அல்ல, அலகாபாத்தில்! திரிவேணி சங்கமத்தில் முழுக்குப் போட வந்த கூட்டத்தில் டிரம்ஸ் வாசிப்பவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனாலும் பத்திரிகை நாடெங்கும் போனது. அடுத்த ஊரில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று கல்லூரிக் குழுக்களுக்கு அதுதான் சொன்னது. இணையம் வீட்டுக்கு வராத காலம் அது. பத்திரிகை நடத்தியவர்களே 'கிரேட் இந்தியன் ராக்' என்று விழாவும் நடத்தினார்கள். எழுத விஷயம் வேண்டுமென்றால் முதலில் மேடை போட வேண்டியிருந்தது, பாவம். 2012இல் சைகல் கோவாவில் மறைந்தபோது இசைக்காரர்கள் அவரை 'பாப்பா ராக்' என்று சொல்லி அழுதார்கள்.

உங்கள் ஊரிலோ 1996இலேயே 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' என்ற ராக் குழு கிளம்பிவிட்டது, செய்திக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அச்சுக்கூலிக்குத்தான். முதல் இதழுக்கு யார் பணம் என்று பையனிடம் கேளுங்கள். பதில் சொல்லாமல் உங்களைப் பார்த்துச் சிரித்தால், புரவலர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். சந்தாவையாவது கேட்டு வாங்குங்கள்!