சம்பள வரம்பும் சீட்டு விலையும்

கேள்வி: அமெரிக்க ஐஸ் ஹொக்கியில் போலவே, எங்கள் லங்கா பிரீமியர் லீக்கின் 2023 ஏலத்திலும் அணிக்கு 5 இலட்சம் டொலர் என்று செலவுக்கு வரம்பு கட்டினார்களே, இதனால் ரங்கிரி மைதானத்தில் டிக்கட் விலை குறையுமா?
— வாசகர், தம்புள்ளை

பதில்: பொருளாதார மத்திய நிலையத்தை அருகிலேயே வைத்துக்கொண்டு தாங்கள் இவ்வினாவை எழுப்பலாமா? விவசாயி உரத்துக்குச் செலவிட்டதை விசாரித்தறிந்து போஞ்சிக்கு விலை கூறும் வியாபாரி எவரையேனும் அங்கே தரிசித்ததுண்டா? வாங்க வந்தவரின் ஆவலே விலையை நிர்ணயிக்கிறது. ஹொக்கியிலும் அதுவே நியதி. முதலாளிமாரும் வீரர்களும் 2004-05 பருவம் முழுவதையும் தங்கள் பிணக்குக்குப் பலிகொடுத்து, ஈற்றில் அணிக்கு 3 கோடியே 90 இலட்சம் டொலர் என்ற வரம்போடு அரங்கைத் திறந்தபோது, கோபித்திருந்த ரசிகர்களைச் சாந்தப்படுத்தச் சில கழகங்கள் கட்டணத்தைக் குறைத்தது மெய்யே. ஆயினும் கூட்டம் திரும்பியதும் விலையும் ஏறிற்று. அன்றியும், அவ்வரம்பு வருமானத்தோடு பிணைக்கப்பட்டதாதலால், ரசிகர் கொடுக்கக் கொடுக்க அதுவும் வளர்ந்து, 2025-26 இல் 9 கோடியே 55 இலட்சத்தை எட்டிவிட்டது. வரம்பினால் மிஞ்சுவது கழகச் சொந்தக்காரரின் பெட்டிக்கே போகும். ஏறத்தாழ 16,800 பேருக்கு இடமுள்ள ரங்கிரியிலே நாற்பது பேர் மட்டும் அமர்ந்து கொட்டாவி விடுவார்களாயின் டிக்கட் தானே மலிந்துவிடும். அந்த நாற்பதில் ஒருவராகத் தாங்கள் சித்தமா?