மூணு சக்கரத்தோட மலையேறி வந்த மாப்ளே!

வாங்க மாப்ளே. சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, டிக்கியில இருந்து என்னத்தை இறக்குறீங்க? பேரனுக்கு மூணு சக்கர சைக்கிளா! அறுபது எழுபது வருசத்துக்கு முந்தின மாடலா? பேஷ். ஏற்காட்டுல வாசல்ல ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சாலே ஏரிக்கரையிலதான் போய்த் தேடணும்.

கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. பெடல் முன்சக்கரத்து அச்சுலயே இருக்கு. செயின் கிடையாது. மிதி ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரு சுத்து. அதனாலதான் முன்சக்கரம் பெருசு. அதுவும் சிறுத்தா பையன் பொழுதுக்கும் மிதிச்சாலும் திண்ணையைத் தாண்ட மாட்டான். சமதரைக்குக் கெட்டிக்கார வேலைதான். இறக்கத்துல விட்டுப் பாருங்க, சக்கரம் ஓடுற வேகத்துக்குப் பெடலும் சுத்தி, முழங்காலுக்குக் கீழே எலும்பு பார்த்துத் தட்டும். பிரேக்கா? அவன் செருப்புதான். வளைவுல ஒடிச்சா சட்டுன்னு சாயும். 1969-ல அமெரிக்காவுல மார்க்ஸ் கம்பெனி ‘பிக் வீல்’னு பிளாஸ்டிக் வண்டி செஞ்சு, பிள்ளையைத் தரையோட தரையா உட்கார வெச்சுது. கீழே உட்கார்ந்தவன் எங்கே விழுறது?

லண்டன்ல லைன்ஸ்னு அண்ணன் தம்பி மூணு பேர் 1919-ல பொம்மைக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. லைன்னா கோடு, மூணு கோடு சேர்ந்தா முக்கோணம். அதனால சரக்குக்கு ‘ட்ரையாங்’னு பேரு. இந்த மாதிரி மூணு சக்கர சைக்கிளும் செஞ்சாங்க. 1971 வரைக்கும் தாக்குப் பிடிச்சுது. நம்ம வீட்டு மூணு பேரால ஒரு கிணத்தைக்கூடச் சேர்ந்து இறைக்க முடியல, அதை விடுங்க.

வெள்ளைக்காரன் சரக்குன்னு ரொம்பவும் பூரிக்காதீங்க. சங்கப் பாட்டு பட்டினப்பாலையிலயே பிள்ளைங்க மூணு கால் சிறுதேர் உருட்டுறாங்க, குதிரை இல்லாம. முத்தத்துல காயுற தானியத்தைக் கோழி கொத்த, பொம்பளைங்க காதுக் குழையைக் கழட்டி எறியுறாங்க. அது வழியில கிடந்து தேரை மறிக்குது. காவிரிப்பூம்பட்டினத்துப் பவிசு அப்படி. நம்ம நடைவண்டிக்கும் மூணு சக்கரம்தானே?

இந்த மேட்டுல சமதரைன்னா காபி காயப்போடுற களம் ஒண்ணுதான். இப்ப தை மாசம், களம் முழுக்கக் கொட்டை காயுது. பேரன் அதுல சக்கரத்தை ஏத்தினா எறிய உங்க அத்தை காதுல தோடு இல்ல, அடகுல இருக்கு. கையில இருக்கிறது விளக்குமாறு.

வண்டியைப் பரண்ல போட்டுட்டுக் காபி குடிங்க மாப்ளே. சித்திரையில களம் காலி.