சாமியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

பாரிஸில் மரீன் மெர்சென் என்றொரு துறவி இருந்தார். மினிம் சபைக்காரர். இறைச்சி கிடக்கட்டும், முட்டை, பால்கூடத் தொடாத சபை. எண்களைத் தொடக் கூடாது என்று மட்டும் அங்கே யாரும் சட்டம் போடவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

தெக்கார்த், ஃபெர்மா என்று ஐரோப்பா முழுக்கக் கடிதம் எழுதித் தள்ளிய மனிதர், 1644-ல் ஒரு புத்தகத்தில் போகிற போக்கில் ஒரு பட்டியலை எடுத்துவிட்டார். இத்தனை இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழி. 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 இரண்டுகள் என்றால் கிடைப்பது பகா எண். 257 வரை வேறு எதற்கும் கிடைக்காது. நிரூபணம்? மூச்சே விடவில்லை. பதினைந்து, இருபது இலக்க எண்ணைச் சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என்று எழுதியவரும் இதே ஆசாமிதான். 257 இரண்டுகளைப் பெருக்கினால் 78 இலக்கம் வரும், ஐயா!

67-க்கு வருவோம். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல் கேட்டு ராஜாவைத் திவாலாக்கிய கதை தெரியுமல்லவா? பலகையில் இன்னும் மூன்று கட்டம் இருந்திருந்தால் மொத்த நெல் 147573952589676412927. 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவதும் இதே எண்தான். பதினைந்து லட்சம் கோடி கோடிக்குக் கொஞ்சம் குறைச்சல்.

1876-ல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். எதனால் வகுபடும் என்று கேட்டால் கையை விரித்தார். களவு நடந்தது நிச்சயம், கள்வன் பெயர் மட்டும் கேட்காதே! ஓர் அடையாளம் உண்டு: காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். 135, 269, 403 என்று வரிசையில் நிறுத்திச் சட்டையைப் பிடித்துப் பார்க்கலாம். ஆனால் கள்வன் நின்றது 14,45,580-ஆவது இடத்தில்.

1903 அக்டோபர் 31, நியூயார்க். அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் கட்டுரை வாசிக்க எழுந்தார். வாயே திறக்கவில்லையாம். கரும்பலகையில் ஒரு பக்கம் 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தார். மறுபக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஒரே கைதட்டல். இதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயினவாம். இத்தனையும் சொன்னவர் கணித எழுத்தாளர் எரிக் டெம்பிள் பெல். கதையில் மசாலா தூக்கலாகவே போடுகிறவர். பெருக்கல் மட்டும் சத்தியம்.

மெர்சென் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர் எழுதியது 61, அச்சுப் பிசாசுதான் 67 ஆக்கிவிட்டது என்றார்கள். 61 உண்மையிலேயே பகா எண் தருவதுதான். ஆனால் 257-உம் தப்பு. 89, 107 இரண்டும் விட்டுப்போயிருக்கின்றன. ஒரு பட்டியலுக்கு எத்தனை பிசாசுகள் வேலை பார்த்தன? எல்லாவற்றையும் சரிபார்த்து முடிக்க 1947 ஆகிவிட்டது. பெயரென்னவோ இன்றைக்கும் ‘மெர்சென் பகா எண்கள்’ என்றுதான்.

சந்தேகம் இருப்பவர்கள் கோலின் இரண்டு எண்களையும் தாளில் எழுதிப் பெருக்கிப் பாருங்கள். விடை மாறி வந்தால் பழியைக் கோல் மேல் போடாதீர்கள்; எங்கேயோ மீதி ஏற்ற மறந்திருக்கிறீர்கள்.