ஒரு சோறு பதமாகாத பானை

கேள்வி: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். விண்கல்லிலும் ஒரு சில்லைச் சோதித்தால் போதாதா? பிரெச்சியாவில் இத்தனை வகை பிரிப்பானேன்?

பதில்: பானையில் இருப்பது கூட்டாஞ்சோறு என்றால் ஒரு பருக்கை எதைச் சொல்லும்? மோதலில் நொறுங்கிய சில்லுகள் மறுபடி இறுகிக் கல்லானதுதான் பிரெச்சியா. எல்லாம் ஒரே பாறையின் உடைசல் என்றால் அது ஒற்றைவகை. அங்கே உங்கள் பழமொழி செல்லும். வெவ்வேறு பாறைகள் கலந்திருந்தால் பலவகை. சில்லுகளுக்கு நடுவே உருகி உறைந்த பாறை இருந்தால், மோதலின் வெப்பம் கல்லையே உருக்கியிருக்கிறது. சூரியக் காற்றின் வாயுக்கள் சிக்கியிருந்தால், அந்தச் சில்லுகள் ஒருகாலத்தில் சிறுகோளின் மேற்பரப்பில் புழுதியோடு புழுதியாகக் கிடந்தவை. வகைப்பெயரே கல்லின் வாழ்க்கைக் குறிப்பு.

2008 அக்டோபர் 7 அன்று சூடானின் நூபியப் பாலைவனத்துக்கு மேலே வெடித்த சிறுகோள் பலவகைக் கலவைக்கு நல்ல சாட்சி. அங்கே பொறுக்கிய ‘அல்மஹாத்தா சித்தா’ கற்களில் பெரும்பாலானவை யூரிலைட் என்ற வகை. அவற்றோடு கான்ட்ரைட் என்ற வகைக் கற்களும் கிடைத்தன. முன்னது ஓரளவு உருகிய தாய்க்கோளின் பிள்ளை, பின்னது உருகாத கோளின் பிள்ளை. ‘முன்பே விழுந்து கிடந்த வேறு கற்களாக இருக்கலாமே’ என்று கேட்பது நியாயம்தான். ஆனால், குறுகிய ஆயுள் கொண்ட கதிரியக்க ஐசோடோப்புகள் கான்ட்ரைட் துண்டுகளிலும் இருந்தன. பழைய கல்லில் அவை எப்போதோ சிதைந்து மறைந்திருக்கும். பிறகு, ஒரே துண்டுக்குள் இரு வகையும் ஒட்டியிருந்ததும் கண்டறியப்பட்டது. அடுத்தமுறை அருங்காட்சியகத்தில் விண்கல்லைக் கண்டால், வெட்டுமுகத்தில் கோணல்மாணலான சில்லுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.