நாலு மணி நேரம் போதாதா?

சிறு வணிகர்களுக்கு முன்கூட்டித் திட்டமிடத் தெரியாது என்ற நெடுநாள் குறை 2020 மார்ச் 24 அன்று தீர்ந்தது. நள்ளிரவு முதல் 21 நாள் கொரோனா ஊரடங்கு என்று இரவு 8 மணிக்கு அறிவித்தார் பிரதமர். இடையில் முழுதாக நான்கு மணி நேரம்! மாவு புளிப்பதற்குள் மாவுக்கடைக்காரர் மூன்று வாரத்துக்குத் திட்டம் போட்டிருக்கலாம். போடாதது அவர் குற்றம். அடுத்த மாதம் சென்னை, கோவை, மதுரைக்கு நாலு நாள் முழு ஊரடங்கு என்று தமிழக அரசு ஒருநாள் இடைவெளி விட்டே சொன்னது. கூட்டத்தைத் தடுக்க வந்த அறிவிப்பு, அந்த ஒருநாளில் மொத்தக் கூட்டத்தையும் கடைவாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. இலவச விளம்பரத்துக்கு எந்தக் கடைக்காரரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

வருமானமே நின்றபோது திட்டமிட்டு என்ன பயன் என்று சிலர் வாதிடுவார்கள். அதற்காகத்தான் ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது அத்தியாவசியச் சேவை. மே மாதம் பிணையில்லாக் கடனாக மூன்று லட்சம் கோடி ரூபாய் என்றது மத்திய அரசு. ஏற்கெனவே வங்கிக் கடன் உள்ளவர்களுக்குத்தான் அது. கடன் வாங்காமல் பிழைத்த பெட்டிக்கடைக்காரர் தம் தொலைநோக்கின்மைக்கு வேறு யாரை நோவது? எனினும், நோய்க்கு முன்பே முதலும் நோட்டுப் புத்தகமும் தயாராய் வைத்திருந்த சிறு வணிகர் ஒருவர் இருக்கவே செய்தார்: தண்டல்காரர். படிவம் கேட்கவில்லை, கடைவாசலுக்கே வந்தார். அடுத்த தொற்றுக்கான ஆலோசனைக் குழுவுக்கு அவரையே தலைவராக்கலாம்; சம்பளத்தை மட்டும் தினமும் மாலையில் தர வேண்டியிருக்கும்.