இல்லறத்தார் எஸ்பிரஸ்ஸோ: அழுத்தவியல் நோக்கில் ஒரு நுண்ணாய்வு

ஆய்வுக் கட்டுரையில் நோக்கம், எல்லை, கருதுகோள், மூலங்கள் ஆகிய நான்கும் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மரபு. நான்கும் வந்து சேர்வதற்குள் காபி ஆறிவிடும் என்பதால் விரைந்து முடிப்போம். நோக்கம்: புதிதாக வீட்டுக்கு வந்த எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்திலிருந்து குடிக்கத்தக்க ஒரு கோப்பையை வருவித்தல். எல்லை: வடக்கே ஃபிரிட்ஜ், தெற்கே சிங்க், கிழக்கே சாமி அலமாரி, மேற்கே ஒரே ஒரு பிளக் பாயிண்ட். கருதுகோள்: குற்றம் இயந்திரத்தினுடையது. முதன்மை மூலம் இயந்திரத்தோடு வந்த கையேடு. துணைமை மூலங்கள் உறவினர். அவர்கள் கேட்காமலே கிடைப்பார்கள்.

1. வரலாறு

இத்தாலியின் டூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோண்டோ, நீராவியால் காபி இறக்கும் இயந்திரத்துக்கு 1884-இல் காப்புரிமை பெற்றார். மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா 1901-இல், கோப்பைக்குக் கோப்பை தனித்தனியே இறக்கும் வகையைப் பதிவு செய்தார். நீராவியால் அழுத்தத்தை அதிகம் ஏற்ற முடியவில்லை. காபியில் கருகல் வாடையும் போகவில்லை. அக்கில்லே காஜ்ஜா 1938-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்து, போருக்குப் பின் நெம்புகோல் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அழுத்தம் எட்டு, ஒன்பது பாருக்கு ஏறியது. கோப்பையின் மேல் பொன்னிறமாகப் படரும் கிரேமா என்னும் நுரை அப்போதுதான் வெளிப்பட்டது. 1961-இல் வந்த ஃபாஎமா இ61, நெம்புகோலை இழுக்கும் கையின் வேலையை மின்பம்பிடம் ஒப்படைத்தது.

இந்த வரலாற்றைப் படித்ததால் எவருடைய காபியும் தேறியதாகத் தகவல் இல்லை. ஆனால் வரலாறு இல்லாத ஆய்வில் துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவதில்லை. தந்தை மொரியோண்டோவா பெட்ஸேராவா என்று வழக்காடுவோர் இன்றும் உண்டு. பாவம், ஆண்டைப் பின்னுக்குத் தள்ளும் கலையில் அவர்கள் நம் அறிஞர்களிடம் பாடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 1884 இந்நேரம் கி.மு.வுக்குப் போயிருக்கும்.

2. தண்ணீர்

உப்புத் தண்ணீர் ஆகாது.

3. கோப்பை

முதலிலேயே சூடாக்கி வைக்க.

4. பால்

இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. அம்மாவின் எல்லைக்கு உள்ளே. டிகாக்‌ஷன் தன்பாட்டில் சொட்டுவது, எஸ்பிரஸ்ஸோ ஒன்பது பாரால் தள்ளப்படுவது என்று எடுத்துரைத்தும், "எல்லாம் டிகாக்‌ஷன்தான்டா, பாலை ஊத்து" என்பதே அவர் தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை.

5. அளவை

தூள் எவ்வளவு என்பதைக் கையேடு "ஒரு கரண்டி" என்று முடித்துவிடுகிறது (கையேடு, ப. 11). எந்தக் கரண்டி என்பதில் ஆசிரியர் மௌனம் காக்கிறார். ஜெர்மன் பகுதியிலும் அதே மௌனம், நீளமான சொற்களில் (மேலது, ப. 47). காபிக் கடைகளில் வழங்கும் வாய்பாடு தெளிவானது: 18 கிராம் தூள், 36 கிராம் சாறு, 25 முதல் 30 விநாடி.

இங்கே பாடபேதம் உண்டு. பெங்களூர்ச் சித்தப்பா மகன் "பதினெட்டு" என்கிறார் (குடும்ப வாட்ஸ்அப் குழு, குரல்பதிவு, இரண்டு காலை வணக்கப் படங்களுக்கும் ஒரு முருங்கைக்கீரை மருத்துவக் குறிப்புக்கும் இடையே அமைந்தது, இறுதிப் பகுதி ஆட்டோ ஹாரனால் சிதைவு). அதைச் செவிவழி பெற்ற அத்தை "பதினாறு" என்கிறார் (மேற்படி பதிவின் மீள்கூற்று, இட்லிக்கு அரிசி களையும் வேளையில் தொலைபேசி வழியே அருளியது, குக்கரின் இரண்டாம் விசிலுக்குப் பின், மூன்றாம் விசிலுக்கு முன், அரிசியைப் பற்றியதாகவும் இருக்கலாம் என்பர் சிலர்). உண்மையில் இரண்டும் சரி. தூளை இடும் வடிகூடை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் அளவு. அப்படிச் சொல்லிவிட்டால் பாடபேதத்துக்கு வேலை இல்லாமல் போகும். ஆகவே "பதினாறு" இடைச்செருகல் எனத் துணியப்படுகிறது.

6. அழுத்தவியல்

ஆய்வின் உயிர்நாடி இதுவே. பிற இயல்கள் பக்கத்தை நிரப்ப வந்தவை.

தூளை வடிகூடையில் இட்டு, டேம்பர் என்னும் குமிழ்ப்பிடியால் மேலிருந்து அழுத்த வேண்டும். எவ்வளவு? 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ என்பது நெடுநாள் வழங்கிவந்த விதி. இதைக் கைக்குப் பழக்க, குளியலறை எடைக்கருவியைச் சமையல் மேடையில் ஏற்றி அதன்மேல் அழுத்திப் பார்ப்போர் உலகெங்கும் உண்டு. அடுக்களையில் குளியலறைப் பொருள் புழங்கலாமா என்னும் கேள்வியை மேற்படி அம்மா எழுப்பியுள்ளார்; அது அறவியல் துறைக்கு அனுப்பப்பட்டது.

அழுத்துவோர் மூன்று பள்ளியினர். வல்லினத்தார் முழங்கையை மடக்கித் தோள்பாரம் முழுவதையும் இறக்குவர், மேடை முனகும். மெல்லினத்தார் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வர். இடையினத்தார் அழுத்தியபின் டேம்பரை ஒரு சுழற்று சுழற்றுவர். அது இடஞ்சுழியா வலஞ்சுழியா என்பதில் இடையினத்துக்குள்ளேயே பிளவு. வலஞ்சுழியே பிரதட்சிணத்துக்கு ஒத்தது என நிறுவுகிறார் எதிர்வீட்டு மாமா (மாடிப்படிப் பொழிவு, மின்வெட்டு நேரம், மளிகைச் சீட்டின் பின்புறம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குறிப்பெடுக்கப்பட்டது, "துவரம்பருப்பு 1 கிலோ" என்னும் தொடர் மூலத்தில் இருந்ததா, சீட்டில் இருந்ததா என்பது தெளிவில்லை, கரண்ட் வந்ததும் உரை அறுந்தது, எஞ்சியது கிடைத்திலது).

பிறகு கணக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். 58 மில்லிமீட்டர் வடிகூடையின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர சென்டிமீட்டர். ஒன்பது பாரில் தண்ணீர் அதன்மேல் இறக்கும் பாரம் ஏறத்தாழ 240 கிலோ. 240 கிலோ ஏறப்போகும் தூளுக்கு நாம் 13 கிலோ கொடுத்தோமா 14 கிலோவா என்பது ஒரு பொருட்டா? தூள் ஒருமுறை இறுகிவிட்டால், மேலும் தள்ளினாலும் பெரிதாக இறுகாது. வேண்டியது மட்டம் மட்டுமே. சாய்வாக அழுத்தினால் தண்ணீர் எளிதான பக்கத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடும். அங்குள்ள தூளை உரித்தெடுத்துவிட்டு மறுபக்கத்தைச் சரியாகத் தொடாமலே போய்விடும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் கூட்டணி வைக்கும். இதைத் தடுக்க, அழுத்துமுன் மெல்லிய ஊசியால் தூளைக் கிளறிக் கட்டிகளை உடைக்கும் முறையை ஜான் வைஸ் 2005-இல் சொன்னார். இன்று அந்த ஊசிகளுக்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. இயந்திரப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட "15 பார்" பம்பின் உச்சத் திறன். தூளுக்கு வேண்டியது ஒன்பது. மீதி ஆறு விளம்பரத்துக்கு.

இந்தக் கணக்கோடு மூன்று பள்ளிகளும் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. மறுத்தோர், மறுத்தோரை மறுத்தோர் என இரண்டு கூடி ஐந்தாயின. ஒரு கொள்கை பொய் என்று தெரிந்த பிறகே அதன்மேல் கருத்தரங்கு கூடும் என்பது நம் துறைகளில் கண்கூடு. இடைவேளையில் அங்கே இன்ஸ்டன்ட் காபி தருவார்கள்.

7. அரைவை

காபியின் தலையெழுத்தை இயந்திரத்தைவிட அரைக்கும் கருவியே எழுதுகிறது. மிக்ஸியின் கத்தி கொட்டையை வெட்டும், சீராக அரைக்காது. மாவும் நொய்யும் கலந்தே விழும். பற்களுக்கிடையே நசுக்கி அரைக்கும் பர் கிரைண்டர் வேண்டும். சாறு கடகடவென்று ஓடிப் புளித்தால் இன்னும் நைசாக அரைக்கவும். சொட்டுச் சொட்டாக வந்து கசந்தால் சற்றுக் கொரகொரப்பாக அரைக்கவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். குடித்துப் பார்க்கவும்.

இவ்வளவுதான். இயல் இத்தனை சிறியதாக இருப்பதால்தான் ஆய்வாளர் எவரும் இதைத் தலைப்பாக எடுப்பதில்லை. குடித்துப் பார்ப்பதை ஆய்வு முறையாக ஏற்கலாமா என்றும் ஐயம் எழுப்பப்பட்டுள்ளது. சங்கப் பாடலைப் படிக்காமலே சங்க இலக்கியத்தில் பட்டம் வாங்க முடிகிற இடத்தில் இந்த ஐயம் நியாயமானதே. 2020-இல் 'மேட்டர்' என்னும் அறிவியல் இதழில் ஒரு குழுவினர், அளவு மீறி நைசாக அரைத்தால் தண்ணீர் தூளில் சீராகப் பாயாது என்று காட்டினர். சற்றுப் பருமனாக அரைத்து, தூளையும் குறைத்தால் கோப்பைக்குக் கோப்பை மாறாமல் வரும் என்றனர். கணிதச் சமன்பாட்டோடு நிற்காமல் ஒரு காபிக் கடையில் போட்டும் பார்த்திருக்கிறார்கள். மரபு மீறல்தான், அயல்நாட்டார் என்பதால் பொறுத்துக்கொள்வோம்.

8. மேலாய்வுக் களங்கள்

டேம்பர் பிடியில் கைரேகையும் சுவையும். வடிகூடைத் துளைகளில் குறியியல். சிங்கில் ஊற்றப்பட்ட எஸ்பிரஸ்ஸோவின் சமூக வரலாறு. கூடையிலிருந்து தட்டி எடுக்கும் தூள்வில்லை கறிவேப்பிலைச் செடிக்கு உரமாகுமா என்பதும் ஆராயத்தக்கது. இதை எதிர்வீட்டு மாமா எடுத்துக்கொண்டுவிட்டார். தலைப்பு பதிவாகிவிட்டதால் வேறு எவரும் தொட வேண்டாம்.