கூட்டு பைக் பயணத்தில் நிற்றல்: கிழக்குக் கடற்கரைச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அது நிற்பதைப் பற்றி, அதிலும் எட்டு வண்டிகள் சேர்ந்தாற்போல நிற்பதைப் பற்றி, அறிவுலகம் வாயே திறக்கவில்லை. சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை கடலோரமாகவே போவதாகச் சொல்லிக் கிளம்பும் நண்பர் குழுக்களை உடனிருந்து கவனித்த இக்கட்டுரையாளர் முன்வைக்கும் கருதுகோள் இது: கூட்டுப் பயணத்தின் இயல்பு நிலை நிற்றலே. ஓடுதல் என்பது ஒரு டீக்கடைக்கும் அடுத்த டீக்கடைக்கும் நடுவில் ஏற்படும் தற்காலிகக் கோளாறு.

முதல் சான்று கிளம்பும் முன்பே கிடைத்துவிடுகிறது. ‘காலை 5 மணி ஷார்ப், திருவான்மியூர்’ என்று முந்தின இரவு வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வரும். 5 மணிக்கு வந்து நிற்பவர் குழுவுக்குப் புதியவர். ‘கிளம்பிட்டேன் மச்சி, பாதி வழி வந்துட்டேன்’ என்று ஐந்தே காலுக்குப் போனில் சொல்பவரின் பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அவர் வந்து சேர்வதற்குள் வந்தவர்கள் ஒரு டீ குடித்துவிடுகிறார்கள். ஆக, பயணம் தொடங்குவதற்கு முன்பே முதல் நிறுத்தம் முடிந்துபோகிறது. இயற்பியலாளர்கள் இதை விளக்கட்டும்.

நிறுத்தங்களில் தலையாயது டீ நிறுத்தம். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டுவதற்குள் இன்னொன்று நிச்சயம். எட்டுப் பேர் இறங்கினால் எட்டு டீ என்று நினைப்பது வெறும் கணக்கு மட்டும் தெரிந்தவர்கள் செய்யும் பிழை. இரண்டு லைட், ஒரு ஸ்ட்ராங், சர்க்கரை இல்லாமல் ஒன்று, ஒரு காபி, ஒரு பூஸ்ட், ஒரு பால், ஒரு ‘எனக்கு ஒண்ணும் வேணாம்’. ஏழாவது கிளாஸ் வந்து இறங்கிய பிறகுதான் அந்த எட்டாமவர், ‘மாஸ்டர், சரி, எனக்கும் ஒண்ணு போடுங்க’ என்பார். அவர் ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் முதலில் குடித்தவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிடுகிறார். உள்ளே வடை இருக்கிறது. வடை தின்றால் டீ குடிக்க வேண்டும். ஒரு டீ தன் வயிற்றிலிருந்தே இன்னொரு டீயைப் பெற்றெடுக்கும் இப்பண்புக்கு ‘தன்னினப் பெருக்கம்’ என்று பெயரிடலாம். காசு கொடுக்கும் கட்டத்தைத் தனியாகவே ஆராய வேண்டும். ‘நான் போட்டுர்றேன், அப்புறம் பிரிச்சுக்கலாம்’ என்று முன்வருபவர் அதற்குள் ஹெல்மெட் மாட்டியிருப்பார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகத்தைப் போன் ஏற்காது. கையுறை போட்ட விரலையும் ஏற்காது. எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றியதும் அவருக்கு ஒரு சிகரெட் பிடிக்கத் தோன்றும்.

பெட்ரோல் நிறுத்தத்தின் வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது. புதுச்சேரியில் வரி குறைவு, பெட்ரோல் மலிவு. கிளாசிக் 350 வண்டியின் டேங்க் 13 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும், நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 450 கிலோமீட்டர் போகலாம். நிரப்புவதில்லை. சென்னையில் இருநூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு, கனகசெட்டிக்குளத்தில் எல்லை தாண்டியதும் ஃபுல் பண்ணிக்கொள்ளலாம் என்பது திட்டம். கடப்பாக்கம் பக்கத்திலேயே வண்டி இருமத் தொடங்கும். பங்கில் பாட்டிலில் பெட்ரோல் தரமாட்டார்கள். அப்போதுதான், காலையிலிருந்து எல்லோரும் கேலி செய்துகொண்டிருந்த பழைய ஸ்பிளெண்டரின் பக்கம் கண்கள் திரும்பும். டியூபை உருவி, டேப்பைத் திறந்து, தண்ணீர் பாட்டிலில் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, அதைப் புல்லட் இனத்துக்கு ஊற்றுவார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க எட்டுப் பேரின் அரை மணி நேரம் செலவாகிறது. கடலூரில் மறுபடி தமிழ்நாடு, காரைக்காலில் மறுபடி புதுச்சேரி; கணக்கும் மறுபடி. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு மட்டும் இன்றுவரை பைக்குகளை நிறுத்திக்கொண்டிருக்கிறது.

கை சைகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னால் போகும் ‘லீட்’ யூடியூப்பில் படித்துவந்த சைகைகளைக் காட்டுவார். அவர் உள்ளங்கையைக் கீழே அசைத்தால் ‘மெதுவாக’ என்று பொருள். இரண்டாமவர் அதைக் கை வலி என்று எடுத்துக்கொள்கிறார். நாலாமவர் டாட்டா காட்டுகிறார். கடைசி வண்டி எதையும் பார்ப்பதில்லை. அது தரங்கம்பாடியில், 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறது.

கூட்டமாகப் போனாலே தாமதம்தானே என்ற மறுப்பு எழக்கூடும். வேதாரண்யம் அதை உடைத்துவிடுகிறது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியும் ஏறத்தாழ நூறு தொண்டர்களும் உப்பெடுக்கக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டரை நடந்தே கடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் அவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று அரசாங்கமே மிரட்டியிருந்தது. அப்படியும் நாள் தவறவில்லை. நம் குழுவில் எட்டே பேர், எட்டு எஞ்சின், அரசாங்க மிரட்டல் ஏதுமில்லை; மதியச் சாப்பாட்டுக்கு நாகப்பட்டினம் என்று போட்ட திட்டம், சீர்காழி தாண்டுவதற்குள் இரவுச் சாப்பாடாகிவிடுகிறது. ஆகவே தலையெண்ணிக்கை காரணமல்ல. ராஜாஜி சொன்னால் கேட்டார்கள். இங்கே ‘லீட்’ சொன்னால், ‘இருடா, வர்றோம்’.

மல்லிப்பட்டினம் அருகே மனோராவில் நிற்பதாக எவர் திட்டத்திலும் இருக்காது. ஏதோ ஒரு வண்டியில் செயின் சத்தம் போடும். இறங்கிப் பார்த்தால் எதிரே கடலோரத்தில் எட்டு அடுக்குக் கோபுரம். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடி, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பியது. நெப்போலியன் எங்கேயோ ஐரோப்பாவில் விழுந்தார். சரபோஜி அதற்கு இங்கே கோபுரம் கட்டினார். கோபுரத்தடியில், மணலில் சைடு ஸ்டாண்ட் புதைந்து வண்டியோடு சாய்ந்த நண்பருக்குக் கோபுரம் இல்லை. பட்டப்பெயர் உண்டு, ஆயுளுக்கும்.

பாம்பனில்தான் கோட்பாடு சற்றுத் தடுமாறுகிறது. 1988இல் திறந்த, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலைப் பாலத்தின் நடுவில், யாரும் சொல்லாமலே எட்டு வண்டியும் ஒரே நேரத்தில் நிற்கும். பக்கத்திலேயே, 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025இல் வந்த, நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும் புதிய ரயில் பாலம். பக்கவாட்டுக் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். ‘ரயில் எப்போ வரும்ணே?’ என்று சுண்டல் விற்பவரைக் கேட்பார்கள். ரயிலுக்கு முன்னால் போலீஸ் வரும். முழுப் பயணத்திலும் குழு வேகமாகக் கிளம்புவது அங்கே மட்டும்தான்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களுக்கு முன்னால் நிற்பதை இக்கட்டுரையாளர் வகைப்படுத்தவில்லை. அங்கே கேலிக்கு மனம் வரவில்லை. 2017இல் போட்ட சாலை அரிச்சல்முனைவரை போய் வளைந்து திரும்பிவிடுகிறது. அதற்கு மேல் தண்ணீர். நிற்பதற்குக் காரணம் தேட வேண்டாத ஒரே இடம் அது. நம் குழு அங்கே பத்து நிமிடம்கூட நிற்காது. மறுநாள் திங்கட்கிழமை.

திரும்புவது மதுரை, திருச்சி வழியாக நாலுவழிச் சாலையில். ஆளுக்கொரு நேரத்தில், சொல்லாமல்கூடக் கிளம்பிப் போவார்கள். டீ இல்லை, வடை இல்லை, செல்ஃபி இல்லை. சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அங்கேயும் கால் ஊன்றுவதில்லை. பின்தொடர்ந்து தரவு திரட்டலாம் என்றால் அந்த வேகத்துக்கு இக்கட்டுரையாளரின் வண்டி ஈடுகொடுக்காது. எனவே திரும்பும் பயணம் இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.